நாலு நாளாக அதே படம்: வால்பேப்பர் ஏன் மாறவில்லை?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அப்பாவுக்காக, ஹாலில் இருக்கும் விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் பழைய குடும்பப் படங்கள் தானாக மாறி மாறி வரும்படி வைத்தேன். நிமிடத்துக்கு ஒரு படம். இரண்டு நாள் நன்றாக ஓடியது. இப்போது நாலு நாளாக ஒரே படம் நிற்கிறது. படங்கள் எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் உள்ளன, தேவைப்படும்போது செருகிக்கொள்வேன். போனில் எடுத்த படங்களில் தலையே தெரிவதில்லை. இதற்குத் தனி ஆப் ஏதும் போட வேண்டுமா?"

ஆப் வேண்டவே வேண்டாம். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

படம் நின்றுபோனதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "தேவைப்படும்போது செருகிக்கொள்வேன்." விண்டோஸ் உங்கள் படங்களை மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்வதில்லை. எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்ற முகவரியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. திரையில் தெரியும் படத்துக்கு மட்டும் தனக்கென ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது. ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கியதும் முகவரி காலி; கையிலிருக்கும் அந்தக் கடைசி நகலே நிற்கிறது. மறுபடி செருகும்போது 'ஈ' டிரைவாக இருந்தது 'எஃப்' ஆகிவிட்டால், டிஸ்க் இருந்தும் முகவரி பொருந்தாது. நகலைத்தான் காட்டுகிறது என்பதால் அசல் படங்கள் கெட்டுப்போகுமோ என்ற பயமும் வேண்டாம்.

எனவே கம்ப்யூட்டரிலேயே, பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் 'அப்பா படங்கள்' என்று ஒன்று உருவாக்குங்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அப்படியே கொட்டாதீர்கள். கரண்ட் பில்லும் மருந்துச் சீட்டும்கூட நாம் போனில் படம் எடுத்து வைத்திருப்போம், அவையும் முறை வைத்து வரும். அறுபது, எழுபது படம் போதும். அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுக்குங்கள். உண்மையான வேலை இதுதான், மற்றது இரண்டு நிமிடம். ஐபோன் படங்கள் இருந்தால் ஜேபிஜி ஆக மாற்றிப் போடுங்கள். 2017 முதல் அந்தப் போன்கள் வழக்கமாக ஹெச்இஐசி வடிவில் சேமிக்கின்றன, அது எல்லா விண்டோஸிலும் எளிதாகத் திறப்பதில்லை.

அப்புறம் செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், பேக்ரவுண்ட் என்று போய், ஸ்லைட்ஷோவைத் தேர்ந்தெடுத்து, பிரவுஸ் மூலம் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். ஷஃபிளை ஆன் செய்தால் வரிசை கலைந்து வரும். அதன்பிறகு ஃபோல்டரின் பெயரை மாற்றக் கூடாது, இடமும் மாற்றக் கூடாது.

இனி தலை வெட்டுப்படும் விஷயம். உங்கள் திரை 1920-க்கு 1080 என்று வைத்துக்கொள்வோம். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தின் அகலமும் உயரமும் பெரும்பாலும் 3-க்கு 4. அதைத் திரையின் முழு அகலத்துக்கு விரித்தால் உயரம் 2560 ஆகிறது. திரையில் இடமோ 1080 தான். பாதிக்கு மேல் வெளியே போய்விடும். மேலே இருக்கும் முகமும் அதில் வெட்டுப்பட்டுவிடும். 'ஃபில்' என்ற தேர்வு செய்வது இதைத்தான். அதே பக்கத்தில் 'ஃபிட்' என்று மாற்றுங்கள், முழுப் படமும் வரும். இரு பக்கமும் வெற்றுப் பட்டை விழும், அதைக் குறையாக நினைக்க வேண்டாம். டெஸ்க்டாப் ஐகான்கள் இடது பட்டையில் நின்றுகொள்ளும், யார் முகத்தையும் மறைக்காது.

ஒரு நிமிட இடைவெளி சரிவராது என்பது என் கருத்து. நாற்பது வருஷத்துக்கு முந்தைய படத்தில் ஓரத்தில் நிற்பது யார் என்று வயதானவர் கண்டுபிடிப்பதற்குள் படம் போய்விடும். 30 நிமிடம் அல்லது 1 மணி நேரம் வையுங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். வால்பேப்பர் வேறு விண்டோக்களுக்குப் பின்னால் மறைந்துதான் இருக்கும். அப்பா சோபாவில் உட்கார்ந்தபடி பார்க்க வேண்டுமென்றால் ஸ்கிரீன் சேவர் இன்னும் பொருத்தம். ஸ்டார்ட்டில் 'ஸ்கிரீன் சேவர்' என்று தேடி, 'ஃபோட்டோஸ்' தேர்ந்தெடுத்து, அதே ஃபோல்டரைக் காட்டி, வேகத்தை ஸ்லோ ஆக்குங்கள். திரை தானாக அணையும் நேரத்தையும் பவர் செட்டிங்ஸில் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு படம் வருவதற்குள் திரை இருண்டுவிடும்.

வால்பேப்பரே போதும் என்றால் அப்பாவுக்கு ஒன்றை மட்டும் கற்றுக்கொடுங்கள். டெஸ்க்டாப்பில் ஐகான் இல்லாத இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் 'நெக்ஸ்ட் டெஸ்க்டாப் பேக்ரவுண்ட்' என்று வரும். அதைத் தொட்டால் அடுத்த படம் உடனே வந்துவிடும்.