திருத்திய நேரத்தை டேட்டாபேஸே எழுதட்டும்

கேள்வி: எங்கள் டேபிள்களில் பதிவு உருவான நேரம், கடைசியாகத் திருத்திய நேரம் என்று இரண்டு ஃபீல்டுகள் உண்டு. சேவ் செய்யும்போது ப்ரோக்ராமே இரண்டையும் நிரப்புகிறது. ஆனாலும் சில பதிவுகளில் விவரம் மாறியிருக்க, திருத்திய நேரம் மட்டும் பழையபடியே நிற்கிறது. இப்போது இருக்கும் டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல்; போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாறும் எண்ணமும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: பெரும்பாலும் உங்கள் ப்ரோக்ராமைச் சுற்றிக்கொண்டு வேறு ஏதோ வழியில் டேபிள் மாறுகிறது. அவசரத்துக்கு யாராவது நேரடியாக ஓட்டிய அப்டேட் குவெரியாக இருக்கலாம், ராத்திரி ஓடும் ஸ்கிரிப்டாகவும் இருக்கலாம். ஃபிரேம்வொர்க்கை நம்பினாலும் இதே கதைதான். ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில், சேவ் ஆகும்போது நேரத்தைத் தானாக நிரப்பும் 'ஆட்டோ நவ்' போட்டிருந்தாலும், குவெரிசெட்டில் (தேர்ந்தெடுத்த பதிவுகளின் தொகுப்பில்) மொத்தமாக அப்டேட் செய்தால் அந்த நேரம் அசையாது. சேவ் வழியாகப் போனால்தான் மாறும். அதனால் இந்தப் பொறுப்பை டேட்டாபேஸிடமே விட்டுவிடுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் இது சுலபம். உருவான நேரத்துக்கு 'டீஃபால்ட் கரண்ட் டைம்ஸ்டாம்ப்' போதும். திருத்திய நேரத்துக்கு அதோடு 'ஆன் அப்டேட் கரண்ட் டைம்ஸ்டாம்ப்' என்றும் சேருங்கள். 5.6.5 பதிப்பிலிருந்து டேட்டைம் வகைக்கும் இது செல்லும். டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19-ஓடு நின்றுவிடும் என்பதால் என் ஓட்டு டேட்டைமுக்கே; கனெக்‌ஷனின் டைம்ஸோனை மட்டும் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று வைத்துவிடுங்கள்.

இதைச் செய்தபின் ப்ரோக்ராமில் நேரம் நிரப்பும் வரிகளை எடுத்துவிட வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ப்ரோக்ராம் பதிவைப் படித்து, எல்லா ஃபீல்டுகளையும் அப்படியே திருப்பி எழுதினால், பழைய திருத்திய நேரமும் கூடவே போகும். நீங்களே ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டதால் மைஎஸ்கியூஎல் அதில் கை வைக்காது. இன்னொன்று, இருக்கும் மதிப்பையே மறுபடி எழுதினால் நேரம் மாறாது. அது பிழையல்ல.

போஸ்ட்கிரெஸில் 'ஆன் அப்டேட்' கிடையாது, டேபிள் மாறும்போது டேட்டாபேஸே ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ட்ரிக்கர்தான் வழி. புதிய வரிசையின் (அதாவது மாறிய பதிவின்) திருத்திய நேரத்தில் 'நவ்' மதிப்பை வைத்து அந்த வரிசையைத் திருப்பித் தரும் சின்ன ஃபங்ஷன் ஒன்று எழுதுங்கள். ஃபீல்டு பெயர் எங்கும் ஒன்றாக இருந்தால் ஒரே ஃபங்ஷன் எல்லா டேபிளுக்கும் ஆகும். ட்ரிக்கரை மட்டும் டேபிளுக்கு ஒன்றாக, 'பிஃபோர் அப்டேட்' என்று கட்டுங்கள். 'ஆஃப்டர்' என்றால் எழுதி முடித்த வரிசையை அந்த ஃபங்ஷன் மாற்ற முடியாது. அப்படியே உருவான நேரத்துக்குப் பழைய வரிசையின் மதிப்பையே வைத்துவிட்டால், அதை யாரும் தெரியாமல் மாற்றவும் முடியாது.

'நவ்' தருவது, ஒன்றாகச் சேர்ந்து பதிவாகும் மாற்றங்களின் தொகுப்பான டிரான்ஸாக்‌ஷன் தொடங்கிய நேரத்தை. பத்து நிமிடம் ஓடிய டிரான்ஸாக்‌ஷனின் பதிவுகள், மற்றவர் கண்ணுக்குத் தெரியும்போதே பத்து நிமிடம் பழையவையாக இருக்கும். 'கடைசியாக எடுத்ததற்குப் பிறகு மாறியவை' என்று கேட்டு வேறு சிஸ்டத்துக்கு அனுப்புகிறீர்கள் என்றால், இவை கணக்கில் வராமல் நழுவிவிடும். உங்களிடம் ஓடும் மிக நீண்ட டிரான்ஸாக்‌ஷனைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பின்னால் போய் எடுங்கள். அப்போது ஒரே பதிவு இரண்டு முறை வரும். வாங்கும் பக்கம் ஐடியைப் பார்த்து மேலெழுதிக்கொள்ளட்டும்.