கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அமெரிக்காவில் விலைபோகாத சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வகை) இசைத்தட்டுகளை இங்கிலாந்தில் தேடித்தேடி வாங்கினார்களாமே, ஏன்?

பதில்: ஆடத்தான்! 1960-களில் டெட்ராய்ட், சிகாகோவின் சின்னச் சின்ன கம்பெனிகள் வெளியிட்டு, கிடங்கில் தூங்கிய வேகமான பாட்டுகள் அவை. இங்கிலாந்தின் விகன் நகரில் 'விகன் கேசினோ' என்ற நடனக் கூடத்தில் 1973 முதல் 1981 வரை விடிய விடிய அவற்றுக்கு ஆடினார்கள். கால் வழுக்கிச் சுழலத் தரையில் முகப்பவுடர் தூவிக்கொள்வார்கள். டி.ஜே.க்களோ தட்டின் லேபிளை மறைத்து, பாடகருக்குப் பொய்ப்பெயர் சூட்டுவார்கள்; போட்டியாளர் கண்டுபிடித்துவிடக் கூடாதே! ஃபிராங்க் வில்சன் 1965-ல் பாடிய 'டூ ஐ லவ் யூ' எடி ஃபாஸ்டர் என்ற பெயரில்தான் அங்கே ஒலித்தது. அதன் ஒரு பிரதி 2009-ல் 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. விலை கிடக்கட்டும், முதலில் அந்தக் குரலைக் கேளுங்கள். எனக்கு இன்றும் நெஞ்சு துள்ளுகிறது.