ரத்தக் குழாயில் எலும்பா?

கேள்வி: அப்பாவுக்கு நெடுநாள் சர்க்கரை நோய். கால் எக்ஸ்ரேயில் ரத்தக் குழாய் இரட்டை வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. சுண்ணாம்பு படிந்திருக்கிறதாம். பாலைக் குறைத்தால் கரையுமா?

பதில்: கரையாது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் பாலைக் குறைக்கவும் வேண்டாம். இது குழாயில் பாசி படிவது போன்ற வெறும் படிவு என்றுதான் மாணவனாக இருந்தபோது நானும் நம்பினேன். பிறகு ஆய்வகத்தில் அத்தகைய தமனி ஒன்றை வெட்டினேன். கத்திக்கடியில் மணல்போல் நறநறத்தது. இன்னொரு முறை நுண்ணோக்கியில் பார்த்தது எலும்பேதான், உள்ளே மஜ்ஜையோடு! அன்று வெகுநேரம் இருக்கையை விட்டு எழவில்லை.

தமனிச் சுவரின் நடு அடுக்கில் இருப்பவை சுருங்கி விரியும் தசைச் செல்கள். ரத்தத்தில் பாஸ்பேட்டும் சர்க்கரையும் ஓயாமல் மிகுந்திருந்தால், அவை தசைப் புரதங்களைக் கைவிடுகின்றன. எலும்புச் செல்லை உருவாக்கும் ரன்எக்ஸ்2 என்ற புரதம் அவற்றில் விழித்துக்கொள்கிறது. பின்னர் அவை நுண்பைகளை வெளியே தள்ள, அவற்றில் ஹைட்ராக்ஸிஅபடைட் படிகங்கள் முளைக்கின்றன. எலும்பிலும் பல்லிலும் இருக்கும் அதே கனிமம்தான். இதைத் தடுக்கும் காவல் புரதம் ஒன்றும் சுவரில் உண்டு; அது வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும்.

நடு அடுக்கின் இந்த இறுக்கத்தை 1903இல் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் மோன்கெபெர்க்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கட்டும் பட்டை அழுத்தினாலும் இறுகிய தமனி நசுங்காது. ஆகவே கணுக்கால் ரத்த அழுத்தம் பொய்யாக உயர்ந்து காட்டும். அப்பாவுக்குக் கால் விரலிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.