பேச்சில் முதல் பரிசு, மறுநாள் கிளை ஒடிப்பு

கேள்வி: பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றத்தைக் கவனிக்கும் ஆசிரியை நான். மரம் வளர்ப்பு பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கிய மாணவனே மறுநாள் கிளையை ஒடித்து விளையாடுகிறான். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று நட்ட கன்றுகளில் பாதி காய்ந்துவிட்டன. எல்லோரையும் இரண்டு நாள் இயற்கை முகாமுக்கு அழைத்துப் போனால் குணம் மாறுமா? அந்தப் பையனைத் தண்டிக்கலாமா?

பதில்: மாறாது டீச்சர். முகாமுக்குத் தாராளமாகப் போங்கள், பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் இரண்டு நாளில் குணம் திருந்திவிடும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அந்தப் பையன் மேடையில் பொய் சொல்லவில்லை. மரம் ஆக்சிஜன் தரும் என்று அவனுக்குத் தெரியும். அவன் ஒடித்த மரம் எந்த மாதம் பூக்கும், அதில் எந்தப் பறவை கூடு கட்டும் என்று யாரும் அவனைக் கேட்டதே இல்லை. 1977-இல் இன்றைய ஜார்ஜியா நாட்டின் தலைநகரான திபிலீசியில் யுனெஸ்கோ நடத்திய மாநாடு சுற்றுச்சூழல் கல்விக்கு விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு என்று ஐந்து நோக்கங்களைச் சொன்னது. பெரும்பாலும் பள்ளிகள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன, மதிப்பெண் போட வசதியானவை அவைதானே!

சரி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். நாலைந்து பேருக்கு ஒரு மரம் என்று வருடம் முழுவதற்கும் ஒப்படையுங்கள், இலை உதிர்ந்தது, துளிர்த்தது, பூத்தது, வந்துபோன பூச்சி என்று பார்த்ததையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதட்டும், அதற்கு மதிப்பெண் மட்டும் போட்டுவிடாதீர்கள். தொட்டியில் ஒரு எலுமிச்சைச் செடியும் வையுங்கள். பெரும்பாலும் புழு வரும், ஆரம்பத்தில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், இலைகளைத் தின்று தீர்க்கும். நசுக்கலாமா, வண்ணத்துப்பூச்சி ஆகும்வரை விடலாமா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். செடிக்குத் தண்ணீர் ஊற்றிய பிள்ளையின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது என்பதால் நீங்கள் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் அவர்களையே பேசி முடிவெடுக்க விடுங்கள். நீங்கள் கேட்கும் குணம் வளர்வதற்கு இப்படிப்பட்ட சண்டைகள் வேண்டும்.

காய்ந்த கன்றுகளைச் சத்தமில்லாமல் பிடுங்கிப் போடவும் வேண்டாம். ஏன் காய்ந்தன, விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று பிள்ளைகளே விசாரித்து எழுதட்டும். அடுத்த முறை பராமரிக்க முடிகிற அளவுக்கு மட்டும் நடுங்கள். (விழாவுக்குப் பிளாஸ்டிக் பேனர் கட்டும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.)

அந்தப் பையனைத் தண்டிக்காதீர்கள். அவன் ஒடித்த மரத்தின் நோட்டை அவன் குழுவிடமே கொடுங்கள். அடுத்த வருடமும் பேச்சுப் போட்டிக்கு அனுப்புங்கள், அந்த ஒரு மரத்தைப் பற்றி மட்டும் பேசச் சொல்லி.