ஜூரி அழைப்பு வந்தால் முதலாளி என்ன செய்யலாம்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கிழக்கு லண்டனில் சிறு கடைகளுக்குச் சம்பளக் கணக்குப் பார்ப்பது என் வேலை. குற்ற வழக்கைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து அழைக்கப்படுபவர்கள்தான் ஜூரி. அந்த அழைப்புக் கடிதத்தோடு ஒரு நாள் முதலாளி வருவார், இன்னொரு நாள் வேலையாள் வருவார். இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு ஒன்றாகவே பதில் எழுதிவிடுகிறேன். நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறு.

பெற்றோல் நிலையம் நடத்துபவர், இல்ஃபர்ட்: அக்கா, எங்கள் இரவு ஷிஃப்ட் பொடியனுக்கு ஜூரி அழைப்பு வந்திருக்கிறது. இரண்டு கிழமை அவன் இல்லாமல் சமாளிக்க முடியாது. விலக்குத் தரச் சொல்லி நானே எழுதலாமா?

நீங்கள் மட்டும் எழுதி வேலை நடக்காது தம்பி. அழைப்பு அவர் பெயருக்கு வந்தது, பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். கடிதம் கிடைத்த 7 நாளுக்குள் இணையத்திலோ தபாலிலோ பதில் போக வேண்டும். உங்கள் கடிதம் அந்தப் பதிலோடு சேர்ந்து போகிற துணைக் கடிதம்.

அடுத்தது, விலக்கு என்று கேட்காதீர்கள். 1974ஆம் ஆண்டு ஜூரிச் சட்டத்தில் விலக்கும் ஒத்திவைப்பும் தனித்தனி. கடும் நோய், இயலாமை, முழுநேரமாக ஒருவரைப் பராமரிப்பது போன்ற காரணங்களால் அடுத்த 12 மாதத்தில் எந்த நாளிலும் போக முடியாதவருக்குத்தான் பொதுவாக விலக்கு. கடையில் ஆள் இல்லை என்றால் ஒத்திவைப்புக் கேளுங்கள். அதுவும் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், அடுத்த 12 மாதத்துக்குள் அவர் போய்த்தான் ஆகவேண்டும். ஆகவே எந்த மாதம் உங்களுக்கு வசதி என்பதை இருவரும் ரோட்டாவை (யாருக்கு எப்போது வேலை என்ற அட்டவணை) முன்னால் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். அவசரத்தில் ஏதோ ஒரு திகதியை எழுதிவிட்டு, அந்த வாரம் வந்ததும் மறுபடி மாற்றக் கேட்டால் வழியில்லை.

இனிப்புக் கடைக்காரர், வெம்பிளி: தீபாவளிக்கு முந்தின இரண்டு கிழமை எங்கள் முதன்மைச் சமையல்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கடிதத்தில் என்ன எழுதினால் எடுபடும்?

போன வருடம் ஒரு கடைக்காரர் எழுதிக் கொண்டுவந்த கடிதம் இன்னும் நினைவில் இருக்கிறது. "இவர் எங்கள் கடைக்கு மிகவும் முக்கியமானவர், தயவுசெய்து விட்டுவிடுங்கள்" என்று ஒரே வரி. எல்லா முதலாளிக்கும் தன் ஆள் முக்கியம்தானே. அதைப் படிக்கிற அதிகாரிக்கு இதிலிருந்து எதுவும் தெரியவராது.

அதைக் கிழித்துவிட்டு நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி: "கடையில் மொத்தம் நான்கு பேர். தபால் கவுண்டரில் நிற்கப் பயிற்சி பெற்றவர்கள் இருவர். மற்றவர் அதே நாட்களில் அறுவைச் சிகிச்சைக்காக லீவில் இருக்கிறார். இவரும் வராவிட்டால் கவுண்டரை மூட வேண்டும். அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குப் பிறகு எந்த நாளும் இவரை அனுப்பத் தயார்." ஒத்திவைப்புக் கிடைத்தது. உங்கள் கடிதத்திலும் இதே விவரங்கள் வேண்டும்: எத்தனை பேர், ஏன் மற்றவரால் அந்த வேலையைச் செய்ய முடியாது, அவர் இல்லாவிட்டால் எது நின்றுபோகும், எப்போது அனுப்புவீர்கள். கடைசியில் சொன்னதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தீபாவளி என்றால் என்ன, அந்த இரண்டு கிழமையில் உங்கள் விற்பனை எவ்வளவு கூடுகிறது என்பதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். படிப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்றவர்: "போனால் திரும்பி வராதே" என்கிறார் முதலாளி. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். என்ன செய்ய?

பயப்படாதீர்கள். ஜூரி அழைப்பு வந்ததற்காகவோ அதற்குப் போனதற்காகவோ வேலையை விட்டு நீக்கினால், 1996ஆம் ஆண்டு வேலை உரிமைகள் சட்டப்படி அது நியாயமற்ற நீக்கம். இதற்கு எட்டு மாதம், இரண்டு வருடம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஷிஃப்டைக் குறைப்பது, பதவி உயர்வை மறுப்பது போன்ற பழிவாங்கலும் கூடாது.

ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் இல்லாமல் தொழிலுக்குப் பெரிய பாதிப்பு வரும் என்று முதலாளி உங்களிடம் எடுத்துச் சொல்லி, அதற்குப் பிறகும் நீங்கள் தகுந்த காரணமில்லாமல் ஒத்திவைப்போ விலக்கோ கேட்க மறுத்தால், இந்தப் பாதுகாப்பு கைகொடுக்காது. எனவே அவர் பாதிப்பை விளக்கிக் கடிதம் தந்தால் வாங்கி அனுப்பிவிடுங்கள். அனுப்பியதன் நகல் உங்களிடம் இருக்கட்டும். அவர் சொன்ன வார்த்தையையும் திகதி போட்டு எழுதி வையுங்கள், வேலைத் தகராறுகளில் இலவசமாக ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

முதலாளிமாரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஜூரிக்குப் போகிறவரை மிரட்டித் தடுப்பது நீதிமன்ற அவமதிப்பாகவும் ஆகலாம். கடிதம் எழுத அரை மணி நேரம் போதும்.

ஐடி நிறுவனத்தில் வேலை செய்பவர், ஹாரோ: நான் இந்தியக் குடிமகன், ஏழு வருடமாக இங்கே இருக்கிறேன். எனக்கு எப்படி வந்தது? தவறாக அனுப்பிவிட்டார்களா?

தவறில்லை. இந்தியாவும் இலங்கையும் பொதுநலவாய நாடுகள். இங்கே சட்டப்படி வசிக்கும் பொதுநலவாயக் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் சேரலாம். அந்தப் பட்டியலிலிருந்துதான் கணினி ஜூரிக்குப் பெயர் எடுக்கிறது. வயது 18 முதல் 75 வரை, 13 வயதுக்குப் பிறகு 5 வருடமாவது தொடர்ந்து இங்கே வசித்திருந்தால் போதும். பிரித்தானியக் கடவுச்சீட்டு தேவையில்லை. நம்மவர் பலர் "இது எனக்கில்லை" என்று கடிதத்தைத் தூக்கி மேசை லாச்சியில் போட்டுவிடுகிறார்கள். பதில் போடாவிட்டால் 1,000 பவுண் வரை அபராதம் வரலாம்.

மருத்துவமனை ஊழியர்: டாக்டர்களுக்கு விலக்கு உண்டுதானே?

முன்பு உண்டு. 2004 ஏப்ரலோடு அது போய்விட்டது. இப்போது டாக்டரும் வழக்கறிஞரும் நீதிபதியும் கூட அழைக்கப்படலாம். தன் ஆளுக்குச் சான்றிதழ் கொடுத்தே விலக்குப் பெற்றுத் தருகிற அதிகாரம் முப்படைகளில் முழுநேரம் பணியாற்றுவோரின் கட்டளை அதிகாரிக்கு உண்டு. நம் கடை முதலாளிமாருக்கு அது இல்லை.

பேக்கரி உரிமையாளர், டூட்டிங்: என் வேலையாள் ஜூரிக்குப் போகிற நாளுக்கு நான் சம்பளம் கொடுக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. கொடுக்காவிட்டால், வருமான இழப்புச் சான்றிதழை நிரப்பிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுங்கள், அதைக் காட்டி அவர் நீதிமன்றத்திடம் இழப்பைக் கேட்கலாம். முதல் 10 நாட்களுக்கு, 4 மணி நேரத்துக்கு மேல் நீதிமன்றத்தில் இருந்தால் நாளுக்கு அதிகபட்சம் 64.95 பவுண், அதற்குள் என்றால் 32.47 பவுண். பயணச் செலவும் சாப்பாட்டுக்கு ஒரு சிறு தொகையும் தனி. முழுநாள் வேலை செய்பவருக்கு 64.95 போதாது என்பது உங்களுக்கே தெரியும். முடிந்தால் மிச்சத்தை நீங்கள் போட்டுக் கொடுங்கள். ஒருவர் வாடகை கட்ட முடியாமல் ஜூரியில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

மறுபடியும் இல்ஃபர்டிலிருந்து: எங்கள் இரவு ஷிஃப்ட் பொடியனை, தனக்கு இங்கிலிஷ் வராது என்று எழுதச் சொல்லலாமா?

வேண்டாம் தம்பி. உண்மையிலேயே மொழி புரியாதவர் அதைச் சொல்லலாம், நீதிபதியும் அவரை விடுவிக்கலாம். தப்பிப்பதற்காகப் பொய் சொல்வது குற்றம், அது அவர் தலையில்தான் விழும். பகலில் நீதிமன்றம், இரவில் கவுண்டர் என்றும் வைக்காதீர்கள். அங்கே ஒருவர் சிறைக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்று முடிவாகிறது, தூக்கக் கலக்கத்தில் அதைச் செய்ய முடியாது.

பராமரிப்பு இல்ல மேலாளர், குரொய்டன்: கடிதம் கொடுத்தும் ஒத்திவைப்பை மறுத்துவிட்டார்கள்.

உங்கள் ஊழியர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் அதை நிராகரிக்க முடியாது. முதல் கடிதத்தில் விட்டதை இப்போது சேருங்கள்: ஏஜென்சியில் ஆள் கேட்டீர்களா, என்ன பதில் வந்தது, இரவில் எத்தனை பேருக்கு ஒரு ஊழியர். பதில் வரும்வரை பழைய திகதி மாறாது, அதனால் அந்த நாட்களுக்கு ரோட்டாவில் மாற்று ஆள் போட்டு வையுங்கள்.