மீன் வறுவலை நிறுத்தாதீர்கள், கடைச் சட்டியைப் பாருங்கள்

கேள்வி: எங்களுக்கு மண்டபம் பக்கம். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். பையன் பதினொன்றாம் வகுப்பு. மீன்பிடித் தடைக்காலத்தில் நல்ல மீன் கிடைக்கவில்லை என்று சிக்கன் பக்கோடா வாங்க ஆரம்பித்தோம். தடை முடிந்தும் அவன் விடவில்லை. டியூஷன் விட்டு வரும்போது தினமும் பக்கோடாவோ ஃபிங்கர் சிப்ஸோ சாப்பிட்டுவிட்டு வந்து ராத்திரி சோறு வேண்டாம் என்கிறான். இதற்கு நடுவில் வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து மாமியார் வீட்டில் மீன் வறுக்கவே விடுவதில்லை, பொரித்தது எல்லாம் விஷமாம். உண்மையா?
– ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: விஷம் இல்லை சகோதரி. தன் மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று உங்கள் மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நிறுத்த வேண்டியது தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வரும் அந்தப் பொட்டலத்தை. வீட்டில் வாரம் இரண்டு நாள் தோசைக்கல்லில் வறுபடும் சூடை மீன் அந்தக் கணக்கில் வராது.

முதலில் சிப்ஸ். உருளைக்கிழங்கின்மேல் தப்பே இல்லை. அவித்த கிழங்கு 100 கிராமில் 90 கலோரிகூட இருக்காது, அதையே நீளமாக நறுக்கி எண்ணெயில் போட்டு எடுத்தால் 100 கிராம் 300 கலோரியைத் தாண்டிவிடும், ஏனென்றால் கிழங்கில் இருந்த தண்ணீர் ஆவியாகப் போய் அந்த இடத்தில் எண்ணெய் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சட்டியில் சலசலவென்று குமிழி வருகிறதே, அது தண்ணீர் வெளியேறுவது. அது வேகமாக வெளியேறும் வரை எண்ணெய் அவ்வளவாக உள்ளே போகாது. வெளியே எடுத்து ஆறும்போதுதான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயைக் கிழங்கு உள்ளே இழுக்கிறது. வீட்டில் பொரித்தால் எடுத்த கையோடு ஜல்லிக்கரண்டியில் நன்றாக உதறி வடித்துவிடுங்கள், கணிசமாகக் குறையும். எண்ணெய் சரியாகக் காயும் முன்பே போட்டால் கூடுதலாகக் குடிக்கும், அதையும் கவனியுங்கள்.

கருகினால் புற்றுநோய் வருமா என்று பலர் எழுதிக் கேட்கிறார்கள். மாவுச்சத்துள்ள பொருளை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது என்பதை 2002இல் ஸ்வீடனில் கண்டுபிடித்தார்கள். விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியது, உணவு வழியாக மனிதர்களுக்கும் அப்படிச் செய்கிறது என்று உறுதியாகச் சொல்லும் ஆதாரம் இதுவரை இல்லை. நிறம் கருகக் கருக அது கூடும், அதனால் பொன்னிறத்தில் எடுத்துவிட்டால் போதும். இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெரிய கவலை கடையின் எண்ணெய்தான். ஒரே எண்ணெயைக் காலையிலிருந்து ராத்திரி வரை கொதிக்கவிட்டு, மிச்சத்தை மூடி வைத்து, மறுநாள் அதன்மேலேயே புது எண்ணெய் ஊற்றி ஓட்டும் கடைகள் நம் பக்கம் எவ்வளவு இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். திரும்பத் திரும்பச் சூடாகும் எண்ணெய் காற்றோடும், உணவிலிருந்து வரும் தண்ணீரோடும் சேர்ந்து உடைகிறது, கெட்டியாகிறது, உடம்புக்கு ஆகாத பல பொருள்களாக மாறுகிறது. அந்தக் கெட்டுப்போன பகுதி 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. வனஸ்பதி வகையறாவில் இருக்கும், இதயத்துக்கு ஆகாத டிரான்ஸ் கொழுப்புக்கும் 2022இலிருந்து 2 சதவீதம்தான் உச்சவரம்பு. விதி இருக்கிறது சரி, தள்ளுவண்டிச் சட்டியை யார் தினமும் வந்து அளக்கிறார்கள்? நாம்தான் பார்த்து வாங்க வேண்டும். எண்ணெய் டிக்காஷன் நிறத்தில் இருந்தால், பொருளைப் போட்டதும் பொங்கும் நுரை அடங்காமலே நின்றால், அடுப்பை லேசாகக் கூட்டியதும் புகைந்தால், பக்கத்தில் போனாலே காறல் வாடை அடித்தால், அந்தக் கடை வேண்டாம். பக்கோடா செக்கச் செவேலென்று இருந்தாலும் வேண்டாம், கோழிக்குச் செயற்கைச் சாயம் சேர்க்க விதிகளில் இடமே கிடையாது. சிப்ஸோடு கொடுக்கும் மயோனைஸையும் பையனிடம் தவிர்க்கச் சொல்லுங்கள், பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸால் நோய்க்கிருமி பரவுகிறது என்றுதான் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டு தடை போட்டது.

சரி, எவ்வளவு கெடுதல்? பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன், மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 2019இல் வந்தது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. தினமும் ஒரு தடவையாவது பொரித்த கோழி சாப்பிட்டவர்களுக்கு மரண வாய்ப்பு, சாப்பிடாதவர்களைவிட 13 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2025இல் வந்த இன்னொன்றில் வாரம் மூன்று தடவை ஃபிங்கர் சிப்ஸ் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடியிருந்தது, அவித்த கிழங்கு, மசித்த கிழங்கு சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. ஆனால் 2012இல் ஸ்பெயினில் சுமார் 40,000 பேரைப் பார்த்த ஆய்வில் பொரித்த உணவுக்கும் இதய நோய்க்கும் தொடர்பே தெரியவில்லை. அங்கே பொரிப்பது ஆலிவ் எண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் பழக்கமும் அவர்களிடம் குறைவு. இந்த மாதிரி ஆய்வுகளை வைத்து இதனால்தான் இது வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் என் முடிவு இதுதான்: எந்த எண்ணெய், அதை எத்தனை நாள் காய்ச்சினார்கள், வாரத்தில் எத்தனை தடவை சாப்பிடுகிறோம், இந்த மூன்றையும் பார்க்க வேண்டும்.

உங்கள் மகன் விஷயத்தில் மூன்றும் பாதகமாக இருக்கின்றன. அதைவிட எனக்கு உறுத்துவது, ராத்திரிச் சோற்றை விட்டுவிடுகிறான் என்பது. வளரும் பிள்ளைக்கு மீன் குழம்பும் கீரையும் போக வேண்டிய வயிற்றில் எண்ணெயும் மைதா மாவும் உப்பும் போகின்றன. திட்டாதீர்கள், அவனுக்கு உண்மையிலேயே பசிக்கிறது. பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிட்ட பையன் ஏழு மணி வரை எப்படித் தாங்குவான்? பள்ளி விட்டு வந்ததும், டியூஷனுக்குப் போகும் முன்பே வயிற்றில் ஏதாவது விழட்டும். சுண்டல், அவித்த வேர்க்கடலை, இரண்டு முட்டை, தை மாதம் வந்தால் நம் பக்கத்துப் பனங்கிழங்கு, எதுவானாலும் சரி. அப்புறம் வாரத்தில் ஒரு நாள் கடைச் சிப்ஸ் அவன் இஷ்டம் என்று விட்டுவிடுங்கள். அடியோடு தடுத்தால் உங்களுக்குத் தெரியாமல் சாப்பிடுவான். எண்ணெயைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் அவனிடமே கொடுங்கள்.

இனி மீன். கொலஸ்ட்ரால் உள்ளவருக்குச் சூடை, மத்தி, காணாங்கெளுத்தி மாதிரி கொழுப்புள்ள மீன்கள் நல்லவை, அவற்றில் இருக்கும் ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு இதயத்துக்கு வேண்டியது. பெரும்பாலும் குழம்பாகவோ அவியலாகவோ வையுங்கள், வாரம் இரண்டு நாள் தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு வறுத்துக் கொடுங்கள். சட்டி நிறைய எண்ணெயில் மிதக்கவிட வேண்டாம். வறுத்த எண்ணெயை மறுநாள் தாளிக்க எடுத்து வைக்கவும் வேண்டாம். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை வீணாக்க யாருக்கும் மனம் வராது, எனக்குப் புரிகிறது. ஆனால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது, கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குதான். உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டுமாவது கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ மாற்றுங்கள். எந்த எண்ணெயாக இருந்தாலும் அளவு முக்கியம்.

உங்கள் மாமியாரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். மீன் வறுவலை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் கருவாடும் ஊறுகாயும் வைத்தால் ரத்த அழுத்தத்தைக் கூப்பிட்டது போலாகிவிடும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை எப்போதாவது, அதுவும் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள்.

வீட்டுக்காரருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பாட்டை மாற்றிவிட்டோம் என்று அதை நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொன்ன தேதியில் ரத்தத்தை மறுபடி பரிசோதித்து, அந்தச் சீட்டோடு அவரிடமே போங்கள். கடலுக்குப் போகும் நாள்களில் படகில் என்ன சமைக்கிறார்கள், எந்த எண்ணெய் என்பதையும் அவரிடம் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.