கேள்வி – பதில்: அலைவுக்காலத்தை அளக்கும்போது எண் ஏன் தாவுகிறது?

கேள்வி: வீட்டு மின்சாரத்தின் அலைவுக்காலத்தை, அதாவது ஓர் அலைக்கு ஆகும் நேரத்தை, எஃப்.பி.ஜி.ஏ. (உள்சுற்றை நாமே வடிவமைத்துக்கொள்ளும் சிப்) பலகையில் அளந்து வருகிறேன். ஆப்டோகப்ளர் (மின் இணைப்பின்றி ஒளி மூலம் சமிக்ஞையைக் கடத்தும் உறுப்பு) வழியே வரும் சதுர அலையின் ஓர் ஏறுவிளிம்பிலிருந்து (அலை 0-இலிருந்து 1-க்கு ஏறும் இடம்) அடுத்த ஏறுவிளிம்பு வரை, 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் துடிப்புகளை எண்ணுகிறேன். உள்ளீட்டை நேராகவே விளிம்பறியும் சுற்றுக்குக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் 20 லட்சத்தை ஒட்டிய எண்தான் வருகிறது; ஆனால் அவ்வப்போது பொருத்தமே இல்லாத ஓர் எண் வந்து விழுகிறது. சிமுலேஷனில் இப்படி நேர்வதே இல்லை. எங்கே பிழை?
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் கணக்கு சரி, உள்ளீட்டை நேராகக் கொடுத்ததுதான் பிழை. மின்வாரியத்தின் அலைக்கும் உங்கள் பலகையின் கடிகாரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாததால், விளிம்பு எந்த நொடியிலும் வரலாம். கடிகாரத் துடிப்போடு ஒட்டி வந்துவிட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளீட்டின் ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப் 0 என்றும் 1 என்றும் சொல்ல முடியாமல் சிறிது நேரம் இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்கும். இதைத்தான் மெட்டாஸ்டபிலிட்டி என்கிறோம்.

ஆனால் உங்கள் எண்ணைக் கெடுப்பது பெரும்பாலும் இதற்கு அடுத்த சிக்கலாகவே இருக்கும். அந்த ஒரே உள்ளீடு, எண்ணிக்கையைப் பிடித்து வைக்கும் பதிவேட்டின் 32 பிட்டுகளுக்கும் வெவ்வேறு நீளமுள்ள தடங்களின் வழியே போய்ச் சேருகிறது. விளிம்பு வந்ததைச் சில பிட்டுகள் இந்தத் துடிப்பிலும், மற்றவை அடுத்த துடிப்பிலும் உணர்ந்தால், பழைய எண்ணும் புதிய எண்ணும் கலந்த ஒன்று பதிவாகிவிடும். சாதாரண சிமுலேஷனில் தடங்களுக்குத் தாமதமே இல்லை என்பதால் அங்கே இது தெரியாது.

தீர்வு எளியது. உள்ளீட்டை அடுத்தடுத்து இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகள் வழியே கொண்டுவந்து, மூன்றாவது ஒன்றோடு ஒப்பிட்டு விளிம்பைக் கண்டறியுங்கள். இதனால் வரும் தாமதம் இரு விளிம்புகளுக்கும் பொதுவானது. கழிக்கும்போது அது நீங்கிவிடும், ஒரு துடிப்பு கூடவோ குறையவோ வருவது மட்டும் எஞ்சும். எண்ணியை ஒவ்வொரு விளிம்பிலும் பூச்சியமாக்காமல் ஓடவிட்டு, இரு விளிம்புகளின் எண்களைக் கழிப்பதையே நான் விரும்புகிறேன். 32 பிட் எண்ணி ஏறத்தாழ 42.9 விநாடிக்கு ஒருமுறை நிரம்பித் திரும்பினாலும், குறியில்லா (unsigned) 32 பிட் எண்களாகக் கழித்தால் விடை சரியாகவே வரும்.

இதற்குப் பிறகும் சில நூறு என்பது போன்ற மிகச் சிறிய எண்கள் வந்தால், ஆப்டோகப்ளரின் வெளியீடு மெதுவாக ஏறும்போது இரைச்சலால் ஒரே விளிம்பு பலவாகத் தெரிகிறது என்று கொள்ளலாம். இடையில் ஒரு ஷ்மிட் ட்ரிகர் வாயிலை (சிறு இரைச்சலுக்கு அசையாமல் ஒரே முறை மாறும் சுற்று) வையுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? ஒரு விநாடியில் எத்தனை அலைகள் வருகின்றன என்று எண்ணினால் போதாதா?
– வாசகர், மதுரை

பதில்: போதாது. இந்திய மின்தொகுப்பில் அதிர்வெண் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு விநாடி எண்ணினால் 49, 50, 51 என்ற முழு எண்கள்தான் கிடைக்கும். அறிய வேண்டிய வேறுபாடு முழுவதும் அவற்றுக்கிடையே மறைந்துபோகும். அலைவுக்காலத்தை அளந்தாலோ 49.90-க்கு 20,04,008 துடிப்புகளும், 50.05-க்கு 19,98,002 துடிப்புகளும் வருவதால், சுமார் 6,000 படிகள் கையில் இருக்கின்றன. கடிகாரத்தை இயக்கும் படிகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கு பிசகினாலும் 100 துடிப்புகள்தான் மாறும், அது 0.0025 ஹெர்ட்ஸ் பிழை. இன்னும் நிதானமான எண் வேண்டுமென்றால் 50 அலைகள் தள்ளி வரும் விளிம்பைக் கழித்து 50-ஆல் வகுக்கலாம்.

இந்த முறையில் ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: மின்சாரம் நின்றால் புதிய விளிம்பு வராது, கடைசி எண்ணே திரையில் நின்றுகொண்டிருக்கும். ஆகவே கடைசி விளிம்புக்குப் பின் 1 கோடி துடிப்புகள், அதாவது 100 மில்லி விநாடி, கடந்தும் அடுத்த விளிம்பு வராவிட்டால், உள்ளீடு இல்லை என்று அறிவிக்கும் பகுதியையும் சேர்த்தே எழுதுங்கள்.